நடு ஆற்றில் ஒரு படி

ஸாக்ரெப்
6 மார்ச் 2006

அன்புள்ள தாரின்கா,

நீ நலமா? என் நலத்தைக் கேட்காதே. ஒப்பந்தத்தில் கையெழுத்தானதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. காகித வரைபடத்தை விட்டுவிடுங்கள், கணினியில் ஒரே முப்பரிமாண மாதிரியை வைத்துக்கொண்டு எல்லோரும் கட்டுங்கள் என்று உன் பொறியாளர் சங்கம் அங்கே தொண்டை கிழியக் கத்துகிறது, என் சங்கம் இங்கே கத்துகிறது. ஒரு மேஸ்திரியும் காதில் வாங்கவில்லை. இப்போது இரண்டு சங்கமும் சேர்ந்து நம் இரு நாட்டு எல்லையாற்றில் நடைபாலம் கட்டிக் காட்டப் போகிறோம். உங்கள் கரையிலிருந்து பாதி, எங்கள் கரையிலிருந்து பாதி.

ஊருக்கெல்லாம் காகிதம் வேண்டாம் என்கிற நாம் காகிதத்தில் எழுதிக்கொள்வது வேடிக்கைதான். அலுவலக மின்னஞ்சலை உன் தலைவரும் படிக்கிறார், என் தலைவரும் படிக்கிறார், வேறென்ன செய்ய?

நீ என்னைவிட்டு லியூப்லியானாவுக்குப் போனபின் நம்மைப் பேச வைத்தது இந்தப் பாலம்தான். மறுபடி சேர்ந்து வாழலாமா என்று கேட்டதற்கு, பாலம் முடியட்டும் சொல்கிறேன் என்றாய். அதனால்தான் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். இரண்டு கரையின் உயரக் கணக்கைப் பற்றி உன் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னமும் உன்,
டிஹோ

லியூப்லியானா
15 மார்ச் 2006

அன்புள்ள டிஹோ,

“இன்னமும் உன்” என்பதைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. எதையும் நீயே முடிவு செய்து எனக்குத் தகவல் மட்டும் சொல்கிற பழக்கம் போகவில்லை.

மாதிரியில் எதை மாற்றினாலும் மாற்றியவர் அதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியது நாம் இருவரும்தான். நம் கல்யாணத்துக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் நாடு கடல்மட்டத்தைப் புதிதாக அளந்துவிட்டது. நாங்கள் இன்னும் பழைய அளவில்தான் இருக்கிறோம். உயரத்தை அளக்கத் தொடங்கும் உங்கள் பூஜ்யம் எங்கள் பூஜ்யத்தைவிடச் சற்று மேலே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்து நீ பயப்படாதே, என்னிடம் விடு. நின்றபடி புரெக்கைத் தின்றுவிட்டு ஓடாமல், உட்கார்ந்து சாப்பிடு.

தாரின்கா

ஆற்றங்கரை விடுதி
9 ஜூன் 2006

தாரின்கா,

நேற்று இரண்டு பாதிகளையும் தூக்கி வைத்தார்கள். உங்கள் பாதி எங்கள் பாதியைவிட முழங்கால் உயரம் மேலே நிற்கிறது.

கட்டி முடித்தால் உச்சியில் ஃபிர் மரக்கிளையைக் கட்டி, வேலையாட்களுக்கு விருந்து வைப்போமே, அதற்கு ஆட்டைக்கூட வாங்கி வைத்திருந்தேன். எங்கள் மேஸ்திரி ஷ்டெஃப் கிளைக்குப் பதிலாகப் பழைய விளக்குமாற்றைக் கட்டிவிட்டான். “ரெண்டு சங்கம் சேந்து ஆத்து நடுவுல அருமையா ஒரு படி கட்டியிருக்கீங்க. பாலம் எப்ப சார் வரும்?” என்றான். அக்கரையிலிருந்த உங்கள் ஆட்களும் சிரித்தார்கள். இரு நாட்டாரும் ஒன்று சேர்ந்தது அந்தச் சிரிப்பில் மட்டும்தான்.

தவறு உங்கள் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார் என் தலைவர். திங்களன்று கூட்டுக்குழு கூடுகிறது. சங்கங்கள் பிரிந்தால் நீயும் போய்விடுவாய். என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை, ஏனென்றால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. உனக்கு ஒரு வேலை குறையட்டும் என்று எங்கள் பாதியை உங்கள் பூஜ்யத்துக்கு ஏற்றபடி நானே முன்பே இறக்கியிருந்தேன். அப்படியும் ஏன் சேரவில்லை?

டிஹோ

லியூப்லியானா
13 ஜூன் 2006

அன்புள்ள டிஹோ,

ஏன் சேரவில்லை என்றால், எங்கள் பாதியை உங்கள் பூஜ்யத்துக்கு ஏற்றபடி நான் உயர்த்தியிருந்தேன். உனக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான். நானும் உன்னிடம் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்ததும் சேர்ந்தாற்போல் அழுதேன், சிரித்தேன். நேற்றுக் கூட்டத்தில் எழுந்து இதை நானே சொல்லிவிட்டேன், இரண்டு பேர் பெயரையும் சேர்த்து. உன் தலைவருக்கு முகம் செத்துப் போயிற்று. என் தலைவர், “அடுத்த தடவையாவது ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டு விட்டுக்கொடுங்கம்மா” என்றார். சங்கங்கள் பிரியவில்லை. எங்கள் பாதியைத் தணித்து வைக்கிறோம். அதுவரை ஆட்டை வெட்டிவிடாதே.

ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. நாம் பிரிந்த கதையும் இதுதானே? எனக்குப் பிடிக்காது என்று நினைத்து உன் படகை விற்றாய். உனக்குப் பிடிக்காது என்று நினைத்து நான் மலையேறுவதை விட்டேன். பிறகு சனிக்கிழமைதோறும் இருவரும் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்காக நீ செய்ததையெல்லாம் நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது.

பாலம் முடியட்டும் என்று இனி இழுத்தடிக்க மாட்டேன். ஸாக்ரெப்புக்கு நான் திரும்பி வரப் போவதில்லை. இங்கே மறுபடி மலையேறத் தொடங்கிவிட்டேன். எனக்கு இது பிடித்திருக்கிறது.

தாரின்கா

ஸாக்ரெப்
20 ஜூன் 2006

அன்புள்ள தாரின்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

வேலையை விடுவதாக எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். தலைவரிடம் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன், மறுபடி ஏற்றிவிட்டேன். பழைய டிஹோவாக இருந்தால் இந்நேரம் பெட்டியோடு உன் வாசலில் நின்றிருப்பான், உனக்காகத்தான் வந்தேன் என்று வேறு சொல்லியிருப்பான்.

இந்தத் தடவை இன்னும் எதையும் மாற்றவில்லை, உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, எனக்காக விட்டுக்கொடுக்காதே.

நான் லியூப்லியானாவுக்கு வரட்டுமா?

டிஹோ