சூனியக்காரியின் வயிறு

ஜூன் 10, செவ்வாய்

இந்தக் கொப்பி உங்கள் கையில் அகப்பட்டிருந்தால் தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் சரி, வாசியுங்கோ. ஆனால் ஒருவருக்கும் காட்டாதேங்கோ, கையெடுத்துக் கும்பிடுகிறேன். முக்கியமாக அம்மாவுக்கு. அதைவிட முக்கியமாக மாக்கிரட் அன்ரிக்கு. அண்ணா சுஜனுக்குக் காட்டினால் பரவாயில்லை. அவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவன். ‘ஆடு’, ‘இலை’ தாண்டினால் தடுக்கி விழுவான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வகுப்பில் கை உயர்த்தப் பயம், ஸ்ரோர் அறைக்குத் தனியாகப் போகப் பயம், நாய் இல்லாத வீட்டு ‘நாய் கவனம்’ பலகைக்கும் பயம். ஆனால் இன்றைக்குச் செய்த வேலையை நினைத்தால் போர்வைக்குள் சிரிப்பு முட்டுகிறது.

எங்கள் ஊர் ஸ்கீவயில் பழைய பால் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒரு கைவினைப் பட்டறை இருக்கிறது. மண் பிசையலாம், நெய்யலாம், தைக்கலாம், மரம் அறுக்கலாம். யாரும் வரலாம். பிள்ளைகள் கோப்பி மட்டும் குடிக்கக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டதும் செவ்வாயும் வியாழனும் அங்கேதான் போவேன். இந்த மாதம் சங்ற் ஹான்ஸ் திருநாளுக்கு எரிக்கிற சூனியக்காரிப் பொம்மையைச் செய்கிறோம். இருபத்துமூன்றாம் திகதி பியோர்ட் என்கிற கடல்கழிக் கரையில் விறகைக் குவித்து, உச்சியில் அவளை வைத்து எரித்து, எல்லாரும் பாட்டுப் பாடுவார்கள். அம்மா அதை ‘டெனிஷ்காரற்றை சொக்கப்பனை’ என்று சொல்லுவா.

பட்டறையை நடத்தும் கிர்ஸ்டன் முகம் செய்கிற வேலையை என்னிடம் தந்தா. பசையும் காகிதமும்தான். நான் வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்றுதான் செய்தேன்.) மூக்கு கொஞ்சம் நீண்டது. கன்னத்தில் ஒரு மச்சம் வந்தது. பிறகு கம்பியை வளைத்து வட்டக் கண்ணாடி போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் — மாக்கிரட் அன்ரி!

அன்ரி அங்கே தையல் சொல்லிக்கொடுக்கிறவ. அம்மாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை, அம்மாவின் உயிர்ச் சிநேகிதி. அவவுக்குக் காலையில் ஒரு விசயம் தெரிந்தால் மத்தியானம் பிராண்டேத் தமிழருக்குத் தெரியும், பின்னேரம் ரண்டர்ஸ் தமிழருக்குத் தெரியும். போன வருசம் நான் நீச்சல் தடாகத்தில் குதிக்கமாட்டேன் என்று அழுதது இப்போது கனடா வரைக்கும் தெரியும். முகம் அதற்காக.

வயிற்றில் அடைக்க வைக்கோல் காணாது, வீட்டில் பழைய தலையணை இருந்தால் கொண்டு வாருங்கள் என்றா கிர்ஸ்டன். எங்கள் ஸ்ரோர் அறையில் மண்ணிறப் பூப்போட்ட ஒரு குசன் கிடக்கிறது. அவ்வளவு அவலட்சணமான குசன் டென்மார்க்கில் வேறு இருக்காது. அது போனால் அம்மாவுக்கும் சந்தோசமாகத்தான் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

குசன் உள்ளே போய்விட்டது. சூனியக்காரிக்கு இப்போது நல்ல தொந்தி.

வயிற்றைத் தைத்தது மாக்கிரட் அன்ரி. தைக்க முன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தா. நான் குனிந்து வைக்கோலைப் பொறுக்கினேன்.

“ஆரோ தெரிஞ்ச ஆளின்ரை சாடை இருக்கெல்லே, பிள்ளை?”

“தெரியாது, அன்ரி.”

“டெனிஷ்காரியள் எல்லாரும் ஒரே மாதிரித்தான்,” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தா.

ஒரு அதிசயமும் நடந்தது. தைத்துக்கொண்டிருந்தவ பாதியில் திடீரென்று கதையை நிறுத்தினா. மாக்கிரட் அன்ரி! வாயை மூடிக்கொண்டு! பிறகு, “போய் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா,” என்றா. நான் வரும்போது தையல் முடிந்திருந்தது. தன்னுடைய முகத்தைத் தானே எரிக்கத் தைத்துத் தந்திருக்கிறா. நான் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டேன், பாவம் என்று.

ஜூன் 14, சனி

ஐயோ.

ஐயோ ஐயோ ஐயோ.

அம்மா ஸ்பீக்கரில் விமலராணி சித்தியோடு கதைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டினா. இம்மாதக் கடைசிச் சனி ஹேர்னிங்கில் ஒரு கலியாணம் இருக்கிறது, அதற்கு என்ன சீலை உடுக்கிறது என்று கதை. சித்தி கேட்டா, “தாலிக்கொடியைப் போடுறியோ? எங்கை வைச்சிருக்கிறாய்?”

அம்மா வேலைக்குக் கொடி போடுவதில்லை. மறதி வந்த முதியவர்கள் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்று ஒரு மெல்லிய சங்கிலிதான் போடுவா. கொடி பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

“பெட்டிக்குள்ளயோ? தமிழ் வீடெண்டால் கள்ளன் முதல்ல பெட்டியைத்தானே கிண்டுவான். அது ஸ்ரோர் அறையில, அந்த மண்ணிறக் குசனுக்குள்ள. கள்ளன் அதைத் தொட்டால் பிறகு சோப் போட்டுக் கை கழுவவேணும்,” என்று அம்மா சிரித்தா. சித்தியும் சிரித்தா.

நான் சிரிக்கவில்லை.

கொடி குசனுக்குள்ள. குசன் சூனியக்காரிக்குள்ள. சூனியக்காரி போகப்போறது நெருப்புக்குள்ள. நான் என்ன செய்ய? சொன்னால்? அப்பா குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை தாலியைக் கொண்டுபோய்க் கொள்ளி வைக்கப் பாத்தியோ எண்டு கேட்பா. அடிக்கமாட்டா. அழுவா. அடி எண்டால் தாங்குவன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா எனக்காகப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்தா. தொண்டையால் ஒன்றும் இறங்கவில்லை. இரண்டு கோப்பைதான் சாப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

முதன்முதலாக வகுப்பில் கை உயர்த்தினேன். பௌதிக ரீச்சர் நம்பமுடியாமல் பார்த்தார்.

“தங்கம் எத்தனை பாகையில் உருகும்?”

“ஆயிரத்து அறுபத்துநான்கு. ஏன்?”

“சும்மா. கடற்கரையில் மூட்டுகிற பெருநெருப்பு அவ்வளவு சுடுமா?”

“நன்றாக அடுக்கி, காற்றும் வந்தால் சுடும்,” என்று சந்தோசமாகச் சொன்னார். வகுப்பில் ஆர்வம் காட்டுகிறாள் என்று அம்மாவுக்குத் தகவலும் அனுப்பிவிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கொஞ்சினா.

கலியாணத்துக்கு முதல் நல்லநாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். அம்மாவுக்கு இப்போது இரண்டாம் தரம் பொன்னுருக்கப்போகிறேன். ஐயர் இல்லை, தட்டார் இல்லை, கிர்ஸ்டன் மட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

சின்னப்பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள் என்று சூனியக்காரியை மேலே கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வட்டக் கண்ணாடியால் என்னையே பார்த்துக்கொண்டு ஆடுகிறாள்.

ஒரு திட்டம் போட்டேன். “வயிறு பெரிசாகப் போய்விட்டது. இறக்கி, கொஞ்சம் குறைப்போமா?” என்று கிர்ஸ்டனிடம் கேட்டேன்.

அவ கவலையோடு என் பக்கத்தில் இருந்தா. “சாரங்கா, எல்லா உடம்பும் அழகுதான். யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா?” பிறகு எல்லாரையும் கூப்பிட்டு வட்டமாக இருத்தி வாக்கெடுப்பு நடத்தினா. இந்த நாட்டில் ஒரு சூனியக்காரியின் தொந்திக்கும் வாக்கெடுப்பு வேண்டும். தொந்தி இருக்கட்டும் என்று எல்லாரும் கை உயர்த்தினார்கள். மண்பாண்ட மேசையில் ஒரு கிழவர் கை தட்டினார். மாக்கிரட் அன்ரி இரண்டு கையையும் உயர்த்தினா.

போகும்போது சூனியக்காரியின் காலைக் கட்டிப்பிடித்தேன். கை அதற்குமேல் எட்டவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கு விளக்குமாறு பொருத்தவேண்டும் என்றார்கள். “நான் ஏறுறன்!” என்று கத்தினேன். ஏணிக்குப் பயந்தவள் நான். சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு ஏறினேன். முன்பக்கம் விளக்குமாறு, பின்பக்கம் கத்தி. வயிற்றைப் பிரித்துக் கை விட்டேன். குசன் இருந்தது. அதன் ஓரம் முன்பே பிரிந்திருந்தது. உள்ளே பஞ்சு. இன்னும் பஞ்சு. முழங்கை வரைக்கும் விட்டுத் தேடினேன்.

கொடி இல்லை.

கீழே இருந்து மாக்கிரட் அன்ரி கேட்டா, “என்ன பிள்ளை, பிரசவம் பாக்கிறியோ?”

ஜூன் 20, வெள்ளி

இல்லை. இல்லவே இல்லை. ஆர் எடுத்தது? கிர்ஸ்டன் புதுத் தோடு போட்டிருந்தவ. பிறகு பார்த்தால் அது சட்டைப் பொத்தான்.

ஜூன் 21, சனி

வயிற்றைத் தைத்த கை ஒன்றுதான். இதை யோசிக்க எனக்கு இரண்டு இரவு வேண்டியிருந்தது.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்து, அழுகைதான் வந்தது. குசன், கொடி, கத்தி — அத்தனையும் கொட்டினேன். “முகமும் உங்கடைதான், அன்ரி,” என்றும் சொல்லிவிட்டேன். அதை ஏன் சொன்னேன்? ஒருவரும் கேட்கவில்லையே!

அன்ரி கதிரையில் இருந்து சிரித்தா சிரித்தா, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் வரைக்கும்.

“என்ரை மூக்கை எனக்குத் தெரியாதோடி? ஊசி டிக் எண்டு முட்டேக்கையே விளங்கிப்போச்சு. கொம்மா செல்வமலர் மட்டுமே குசனுக்குள்ள ஒளிக்கிறவள்? நாங்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“கொம்மாவுக்குச் சொன்னால் உனக்குப் பேச்சு விழும். உனக்குச் சொன்னால் எனக்குப் பகிடி முடிஞ்சுபோம். நீ சூனியக்காரியின்ரை காலில விழுந்ததைப் பாத்தபிறகு நான் ரீவி போடேல்லை, பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“இப்ப தாங்கோ, அன்ரி.”

“திங்கட்கிழமை பியோர்ட் கரையில தருவன். அதுவரைக்கும் நடுங்கு. அது என்ரை மூக்கைச் செய்ததுக்கு. பிறகு அம்மாவுக்கு நீயே வாயால சொல்லவேணும்.”

எங்கே ஒளித்து வைத்திருக்கிறீங்கள் என்று கேட்டேன். “சொன்னால் பிறகென்ன ஒளிப்பு?” என்றா.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்றைக்கும் எழுத எழுத இடையில் சிரிக்கிறேன்.

கரையில் பாதி ஸ்கீவ நின்றது. அப்பாவும் சுஜனும் ஒரு சின்ன அடுப்பு நெருப்பில், தடியில் ரொட்டி மாவைச் சுற்றிக் கரியாக்கிக்கொண்டிருந்தார்கள். மாக்கிரட் அன்ரி வட்டக் கண்ணாடியோடு வந்து, சூனியக்காரிக்கு நேர் கீழே நின்று படம் எடுக்கச் சொன்னா. கிர்ஸ்டன் மேலே பார்த்தா, கீழே பார்த்தா, திரும்பவும் மேலே பார்த்தா.

பிறகு அன்ரி என்னை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கொடியைத் தந்தா. எனக்குப் பொக்கற் இல்லை. கையில் வைத்திருக்கப் பயம். கழுத்தில் போட்டு, ஜக்கற்றை நாடி வரைக்கும் இழுத்து மூடினேன். நெருப்பு அணைந்ததும் அம்மாவுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இல்லை, வீட்டுக்குப் போய். இல்லை, கலியாணத்துக்கு முதல்நாள்.

நெருப்பு ஏறியது. எல்லாரும் பாடினார்கள். அப்போதுதான் நான் பிரித்த தையல் வாயைப் பிளந்தது. எல்லாருக்கும் முன்னால், தொந்தியிலிருந்து மண்ணிறப் பூப்போட்ட குசன் மெல்ல எட்டிப் பார்த்தது.

அம்மா பாட்டை நிறுத்தினா.

“அது... அது எங்கடை... ஐயோ என்ரை கொடி!”

ஓடத் தொடங்கிவிட்டா, நெருப்பை நோக்கி! வேலைக்குப் போகிற சப்பாத்தோடு. நான் பின்னால் ஓடி இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். “அம்மா, இஞ்சை, என்னட்டை இருக்கு, இஞ்சை பாருங்கோ!” ஜக்கற்றைத் திறந்தேன்.

அம்மா நெருப்பைப் பார்த்தா. என் கழுத்தைப் பார்த்தா. பதின்மூன்று வயது மகளின் கழுத்தில் தாலி. இரண்டில் எதற்குக் கத்துவது என்று அவவுக்கே தெரியவில்லை.

“கழட்டடி! கழட்டடி முதல்ல!”

கிர்ஸ்டன் ஓடிவந்து அம்மாவை அணைத்துக்கொண்டா. “எனக்கு விளங்குகிறது, செல்வமலர். பெண்ணை எரிக்கிற வழக்கம் நிறையப் பேருக்கு மனக்கஸ்டம்தான். அடுத்த வருசம் வாக்கெடுப்பு வைப்போம்.”

அப்பா கரிந்த மாவைக் கையில் பிடித்தபடி வந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முகத்தையும் சேர்த்து. அப்பா அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“நான் உனக்கெல்லே கட்டினனான்? குசனுக்கில்லையே?”

முதலில் சிரித்தது மாக்கிரட் அன்ரி. பிறகு அம்மா. சிரிப்போடு அழுகையும் வந்தது. ஆனால் நான் பயந்த அழுகை அது இல்லை.

இன்றைக்குப் பின்னேரம் அம்மா கொடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா.

“இனி நீ ஒளி. நாலு நாளா வயித்துக்குள்ள பூகம்பத்தை வைச்சுக்கொண்டு என்ரை புட்டைச் சாப்பிட்டனி. உன்னைவிட நல்லா ஒளிக்கிற ஆள் இந்த வீட்டில இல்லை. இடத்தை எனக்கும் சொல்லாதை. எனக்குத் தெரிஞ்சால் மாக்கிரட்டுக்குச் சொல்லிப்போடுவன்.”

நாலு நாள் இல்லை, ஒரு கிழமைக்கு மேல். திருத்தவில்லை.

ஒளித்துவிட்டேன். நல்ல இடம். கள்ளன் மட்டுமல்ல, சுஜனும் தேடமாட்டான். ஸ்ரோர் அறைக்குத் தனியாகப் போனேன் என்று மட்டும் சொல்லலாம். இல்லை, அதையும் சொல்லியிருக்கக்கூடாது. இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாதேங்கோ, காட்டவே காட்டாதேங்கோ. சரியாகச் சொன்னால் அது இருப்பது

கதவில் தட்டுகிற சத்தம். அம்மாதான், இன்றிரவு மூன்றாம் தரம்: “சாரு, நித்திரையோ? இடத்தைச் சொல்லவேண்டாம். இருக்குதோ எண்டு மட்டும் ஒருக்கா —”