குஞ்சுத்தம்பிக்குத் தைத்த சட்டை

ஜனவரி 7, செவ்வாய்

விடாத மழை. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களாம், வாவித் தண்ணீர் இறங்கின பாடில்லை. கிணற்றடியெல்லாம் பாசி. சின்னம்மா வழுக்கி விழப் பார்த்தார்.

பூட்டனின் கடிதப் பெட்டியை இறக்கினேன். தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஃபேனுக்குக் கீழே பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். முதுகு போயிற்று.

எல்லாம் வரதனுக்காக. ஊரில் இருந்த காலத்தில் இந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்காதவன். இப்போது சுவிஸில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அக்கா, அதுகள வாசிச்சுக் காட்டு" என்கிறான். ஈரலில் வந்த புற்றுநோய் நெஞ்சு வரை. இனி மருந்தில்லை என்று டொக்டர் அவன் மனைவி வதனியிடம் சொல்லியாயிற்று. அவனுக்குத் தெரியாதாம். எனக்கு விசா இரண்டாம் முறையும் இல்லை. ஒரே தம்பி என்று எழுதிக் கொடுத்தேன், அதற்கு என்ன மதிப்பு.

இன்று வீடியோ கோலில் வாசித்தது: உதுமாலெவ்வை எழுதியது. காத்தான்குடிப் புடைவை வியாபாரி, பூட்டனின் சிநேகிதர். வாழைச்சேனையில் கடை போட்டிருந்த காலம். "இவ்விடம் யாவரும் சேமம். உமது எருமை ஈன்றதா? குஞ்சுத்தம்பி நடக்கிறானா?" எருமைக்கு அடுத்துத்தான் பிள்ளை. வரதன் சிரித்தான். சிரித்ததும் இருமல். சட்டைக் கழுத்து இன்னொரு ஆள் நுழையுமளவு தொளதொளவென்று கிடக்கிறது.

ஜனவரி 9

மழை கொஞ்சம் ஓய்வு. மீன்காரர் வரவில்லை, முட்டைக் குழம்பு.

இரண்டு கடிதம். உதுமாலெவ்வையின் மகளுக்குக் கலியாணம், பூட்டன் கட்டாயம் வரவேண்டும், வண்டில் அனுப்புகிறாராம். மற்றதில் நல்ல பட்டுத் துணி வந்திருக்கிறது, குஞ்சுத்தம்பிக்குச் சட்டை தைத்து அனுப்புகிறேன், அளவு தெரியாது, பெரிதாகவே தைக்கச் சொல்கிறேன் என்று. குஞ்சுத்தம்பி பூட்டனின் கடைசிப் பிள்ளை போலும். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

வதனி தனியாகப் போன் எடுத்தாள். "அக்கா, சந்தோசமான கடிதமாப் பாத்து வாசியுங்கோ. சாவுக் கதை ஒண்டும் வேணாம்." சரி என்றேன்.

ஜனவரி 11, சனி

கடைசிக் கடிதம். எருமை உண்டு, வேளாண்மை உண்டு, வயல் வட்டைக்குள் வெள்ளம் வந்த கதை உண்டு. குஞ்சுத்தம்பி இல்லை.

வரதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவன், "அக்கா, இதில அவனக் கேக்கல்லயே" என்றான். "எல்லாத்திலயும் கேட்ட மனிசன். அவனுக்கு என்ன நடந்த?"

தெரியாது என்றேன். தெரிந்துதானே இருந்தது. இழவுச் செய்தி வந்த கடிதத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வேலிப் படலையடியில் நின்றே வாசித்து, கிழித்து வேலிக்கு அங்கால் போட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவது. துக்கம் விசாரித்து வரும் கடிதத்துக்கும் அதே கதிதான். அதனால் நூறு வருஷமாக எங்கள் பெட்டிக்குள் ஒருவரும் சாகவில்லை. கலியாணம், கன்றுக்குட்டி, சேமம், சேமம். வாசிக்க எரிச்சலாக வருகிறது.

"அவர்ர ஆக்கள் காத்தான்குடியில இரிப்பாங்கள் தானே. கேட்டுப் பார் அக்கா. கெதியாக் கேள்."

கெதியாக என்றான், நேரமில்லாதவன் போல. அவனுக்கா தெரியாது.

ஜனவரி 13, திங்கள்

காத்தான்குடி. பஸ்ஸில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் தொண்ணூறில் நடந்த தமிழர், முஸ்லிம் கொலைகளுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. கால் கூசியது.

அவர்களின் காத்தான்குடிக் கடை இன்னும் அதே குடும்பத்திடம்தான். சலீம், என்னை விட இளையவர். உதுமாலெவ்வை என்றதும், "எங்கட மூத்தவாப்பா, வாப்பாட பாட்டனார். வாங்கக்கா, இரிங்க" என்று துணிக்கட்டை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். இஞ்சித் தேத்தண்ணி. வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு பிஸ்கட் தகரம் எடுப்பித்தார். பூட்டனின் கையெழுத்து. எங்கள் பக்கத்திலிருந்து போனவை எல்லாம் இங்கே.

நான் தேடியது அடியில். சலீமே வாசித்தார், நான் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"குஞ்சுத்தம்பி போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல். நீர் அனுப்பிய சட்டை பெரிதாக இருந்தது, வளர்ந்தால் சரியாகும் என்று வைத்திருந்தோம். அதையே உடுத்தி அனுப்பினோம். வாசித்ததும் கிழித்துவிடவும்."

"கிழிக்கத்தான் சொல்லியிரிக்கார் அக்கா. மூத்தவாப்பாவுக்கு மனசு வரல்ல போல."

போனில் படம் எடுத்தேன். இரண்டாவதுதான் தெளிவு. தம்பியைப் பற்றிச் சொன்னேன். சலீம் கடிதத்தை மடித்துத் தகரத்துக்குள் வைத்தார். தொழுகையில் அவனுக்காகத் துஆ கேட்கிறோம் என்றார்.

ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்கி அடுப்பை நனைத்தது. வரதன் போன் எடுத்தான். காத்தான்குடிக்குப் போனியா என்றான். கடை பூட்டு என்றேன். நல்ல நாளில் நல்ல பொய். பொங்கலைக் காட்டச் சொன்னான்.

ஜனவரி 16

அவன் குரல் பாதியாகிவிட்டது. திரும்பவும் அதே கேள்வி. வதனி அறையில் இல்லை.

வாசித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

முகட்டைப் பார்த்தபடி கேட்டான். "சட்டை என்ன நிறமாம்?"

"எழுதல்ல."

"எனக்குத் தெரியும் அக்கா. வதனிதான் எனக்குத் தெரியா எண்டு நினைச்சிட்டிரிக்கா, பாவம். என்ட செய்தி போனிலதான் வரும். நீ அழிச்சுப் போடாத."

பேச்சை மாற்று என்று அதட்டினேன். அக்கா என்றால் அதட்டத்தான் தெரியும்.

ஜனவரி 18

ஒன்றுமில்லை. மழை. கடிதங்கள் காய்ந்துவிட்டன. திரும்பப் பெட்டிக்குள் அடுக்கவில்லை.

வதனி போன் எடுக்கவில்லை.

ஜனவரி 21

விடியக் கிணற்றடியில் நிற்கும்போது போன். வதனியின் மெசேஜ். "அக்கா அவர் போயிற்றார். நித்திரையிலதான். ஒண்டும் கஷ்டப்படல்ல."

அங்கேயே குந்திவிட்டேன். என் தம்பி. எவ்வளவு நேரம் தெரியாது. சின்னம்மாவின் சத்தம் கேட்டு வேலிக்கு அங்கால் இருந்து ஆட்கள். சின்னம்மா தலையில் அடித்து அழுதார், பிறகு என்னிடம் வந்தார்.

"வாசிச்சிற்றாய் தானே மகள். அதை அழிச்சுப் போடு. குளிச்சிற்று வா. அத வீட்டுக்குள்ள கொண்டு போகாத."

குளித்தேன். போன் துவைகல்லில் கிடந்தது. சார்ஜ் முடியப் போகிறது.

உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டேன்.