வெளுத்துப்போன கடல் சாமந்தி

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் அண்ணனும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் சுகமில்லாதது நீ விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கடல் சாமந்தி ஒன்றுதான், பேர்தான் பூ, ஆனால் அது உயிருள்ள கடல் பிராணி என்று நீ சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ பத்து வார்த்தையில் முடித்துவிடுகிறாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிற மாலை வகுப்பு டீச்சரிடம் கொடுத்தால் பிழை திருத்தித் தருவார், வீட்டுச் சண்டையை அவருக்கு எதற்குக் காட்டுவது என்று நானே எழுதுகிறேன். எழுத எழுதக் கோபம் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை, கையெழுத்துதான் அழகாகிக்கொண்டு வருகிறது.

நீ தொட்டிக்கு மாட்டிய நீல விளக்கு எரியாமல் போய்விட்டது. உன் அண்ணன் மூளையை டயர் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தானே வீட்டுக்கு வருவான், கடை வாசலில் எரிகிற பெரிய விளக்கைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே தொங்கவிட்டான். கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். சாமந்தி கைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு அடிப்பாகத்தை ஊன்றி ஊன்றி நகர்ந்து பாறைக்குப் பின்னால் ஒளிந்தது. ஒரு ஜீவன் வேண்டாம் என்பதை இதைவிட எப்படிச் சொல்லும்? உன் அம்மா, "ஐயோ பாவம், இருட்டுல போய் மாட்டிக்கிச்சு, விளக்கைத் திருப்புடா" என்றாள். அவன் திருப்பினான். அது இந்தப் பக்கம் வந்தது, மறுபடியும் திருப்பினான். போலீஸ் திருடனைத் தேடுகிற மாதிரி அதைத் துரத்தியிருக்கிறோம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பழுப்பாக இருந்தது நாளாக நாளாக வெளுத்தது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, அழுக்கெல்லாம் போயி பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்று மாடிவீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மாவும் "தோச்சு எடுத்த மாதிரி இருக்கே" என்று மெச்சிவிட்டுப் போனார்.

அந்தப் பெருமையோடுதான் உனக்குப் போன் செய்தோம். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அளவான வெளிச்சத்தில் அது சமைத்துப் போட்டுத்தான் சாமந்தி பிழைக்கிறது, பழுப்பு பாசியின் நிறம், வெளிச்சம் மிஞ்சினால் பாசி வெளியே போய்விடும், பிறகு பட்டினிதான் என்றாய். சரி. இதைக் கிளம்புகிற அன்றைக்கே சொல்வதற்கு என்ன? உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பாடம் நடத்திய வாய்க்கு இது மட்டும் பாரமா? அதுகூடப் போகட்டும். "இனி பொழைக்காதுப்பா, தூக்கிப் போட்டுடுங்க" என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அன்றிலிருந்து தொட்டி இருக்கும் அறைக்குள் போவதில்லை, வாசல் வரைக்கும் பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை என்னிடம் நீட்டுகிறாள். நல்லது செய்யப் போய் ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்றுவிட்டேன் என்று டெய்லரம்மாவிடம் சொன்னாளாம்.

யார் கொன்றது? கையைக் கழுவிக்கொண்டு தண்ணீருக்குள் விரலை விட்டேன், பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. செத்தது பிடிக்குமா? பெரிய விளக்கைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது ஜன்னல் வெளிச்சம் மட்டும், அதுவும் மெல்லிய துணி வழியாக. இறாலைப் பொடியாக நறுக்கிக் குச்சி நுனியில் நீட்டினேன், முதலில் துப்பியது, நேற்று விழுங்கியது. ஆனால் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதனால் தூக்கிப் போடுகிற பேச்சை விட்டுவிட்டு, எந்த விளக்கு, எவ்வளவு நேரம், பாசி மறுபடி குடிவருமா வராதா என்று மழுப்பாமல் எழுது.

வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. இருமல் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போ. உடம்பில் குறையில்லாமல், மனசில் பாரமில்லாமல் நீ நீடூழி வாழ நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

பதிலைப் போனில் மட்டும் சொல்லாதே. கடிதமாகவே போடு. பிழைக்காது என்றாலும் எழுது, நான் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும்
அப்பா