சிவப்பு அம்பு ஒட்டிய சுருதிப் பெட்டி

இன்று காலை சுருதிப் பெட்டியைத் துடைத்தபோது, நீ ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விரலில் தட்டுப்பட்டது. ஓரம் சுருண்டு நிறம் வெளிறிக் கிடக்கிறது. ஆனாலும் உரிந்து விழவில்லை. உன் பிடிவாதம் அதற்கும் இருக்கிறது. நீ போன பிறகு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பியது இன்றுதான். வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டேதான் போனேன்.

என்ன கூட்டம் என்று கேட்பாய். வேறென்ன, கண்டிசன் கூட்டம்தான். நம் கல்லூரி இசைத்துறையில் செய்முறைத் தேர்வில் தவறியவர்களை உடனே வெளியே அனுப்புவதில்லை. ஒரு பருவம் நிபந்தனையில் வைப்பார்கள். அதுவரை மேடை ஏறக்கூடாது. பருவ முடிவில் குழுவின் முன் தனியாக உட்கார்ந்து பாடிக் காட்ட வேண்டும். தேறினால் நிபந்தனை நீங்கும், தேறாவிட்டால் பெயரே நீங்கிவிடும். அன்று நீ அந்தக் குழுவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். இன்று அதே துறையில் ஆசிரியையாக அந்தக் குழுவில் நான் இருக்கிறேன். சிரிக்காதே.

நம் வகுப்பில் உன்னைப் போல் குரல் யாருக்கும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து பாடும்போது எங்களை இழுத்துக்கொண்டு போவதே நீதான். அப்படிப்பட்டவள் தேர்வில் தனியாகப் பாடித் தவறினாய். அறிவிப்புப் பலகையில் உன் பெயருக்கு நேரே ‘முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை’ என்று மட்டும் இருந்தது. நான் பலகைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். நீயோ தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டு, “ஏம்புள்ள அழுவுற? ரிஜெக்ட் பண்ணலியே, ஆல்டருக்குத்தான போட்டிருக்காங்க” என்றாய்.

பனியன் கம்பெனிக்காரர் மகளுக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். உன் வீட்டில் மாடியில் குடித்தனம், கீழே முன்பக்கம் தையல், பின்பக்கம் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள். செக்கிங் மேஜையில் ஒரு பனியனில் ஓட்டையோ தையல் விட்டதோ தெரிந்தால், சரியாக அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். தைப்பவர் அந்த இடத்தை மட்டும் சரி செய்வார். அதற்குப் பெயர்தான் ஆல்டர்.

ஆனால் உன் தைரியம் எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா அன்றைக்குச் சத்தமே போடவில்லை. “இந்தக் கண்டிசன் தீந்துச்சுன்னா படி கண்ணு. தீரலைன்னா கம்பெனிக்கு வந்துரு, செக்கிங்கப் பாத்துக்கலாம். அப்பா வேறொண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றார். திட்டியிருந்தால் நீயும் மல்லுக்கு நின்றிருப்பாய். அவர் அவ்வளவு பிரியமாகச் சொன்னதால் சரியென்று தலையாட்டிவிட்டாய். தேறாவிட்டால் பாட்டு அதோடு முடிந்தது.

மறுநாள் துறைத்தலைவர் அறைக்குள் நீ நுழைந்த வேகம் இருக்கிறதே! நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

“எங்கீங்க சார் ஓட்டை?”

“என்னம்மா ஓட்டை?”

“என்ற பாட்டுல எந்த எடத்துல தப்புன்னு காட்டீட்டீங்கன்னா, அந்த எடத்தச் சரி பண்ணீட்டு வந்தர்றனுங்க. மொத்தப் பனியனையும் பிரிச்சுத் தைன்னா யாரால முடியுமுங்க?”

அவர் முறைத்தார். இவள் தொலைந்தாள் என்று நினைத்தேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, “சுருதியை விட்டு ஒரு நூல் மேலே ஏறி நிக்குதும்மா. ஏன்னு எனக்கே புரியலை. காது நல்ல காதாத்தான் இருக்கு” என்றார்.

ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அந்த வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். கீழே பின்னறையில், மிஷின்கள் ஓடும் இடத்துச் சுவரை ஒட்டி, நீ தினமும் சாதகம் செய்யும் இடத்தில் உட்கார்ந்தோம். பேட்டரி சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்தாய். பாட ஆரம்பித்தாய். எல்லாம் சுத்தமாக இருப்பதுபோலத்தான் எனக்குத் தோன்றியது. பாதிப் பாட்டில் கரண்ட் போனது. மிஷின்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. சுருதிப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. உன் குரல் அதற்கு மேலே, தனியாக அந்தரத்தில் நின்றது.

நீ பாட்டை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை எப்படி மறப்பேன்! “அட கெரகமே! நான் இத்தன நாளும் மிஷினுக்கில்ல பாடீட்டு இருந்திருக்கேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாய். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலைக் கேட்ட காது உன்னுடையது. அது மிஷினின் ஓசையையே ஆதார சுருதியாகப் பிடித்துக்கொண்டது; மிஷின் இல்லாத தேர்வு அறையிலும் அதை விடவில்லை. ஊரில் வேறு யாருக்கு இப்படி ஒரு பிழை வரும்? நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் மிஷின் சத்தம் இல்லாத இடம் தேடினோம். திருப்பூரில் அது எங்கே கிடைக்கும்! கடைசியில் உன் அப்பாதான், “துணி குடோன்ல உக்காந்து பாடு கண்ணு, ரோலு மேல மட்டும் கால் படாமப் பாத்துக்க” என்றார். வெள்ளைத் துணி ரோல்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. வெளியே ஓடிய மிஷின்களின் சத்தத்தை அவை அப்படியே விழுங்கிவிட்டன. நீ பாடுவாய். குரல் ஏறினால் நான், “ஏறுது புள்ள” என்பேன். நீ இறங்கி வருவாய். வெளியே வரும்போது நம் இரண்டு பேர் தலையும் பஞ்சு படிந்து நரைத்திருக்கும்.

பாடிக் காட்டும் நாளில் நீ தொண்டையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு குழுவின் முன் உட்கார்ந்தாய். “ஓட்டை இங்கதானுங்க இருந்துது, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தாய். என்ன திமிர் உனக்கு! கடைசி வரி வரை குரல் இம்மி நகரவில்லை. நிபந்தனை நீங்கியது. வெளியே வந்து ஸ்டிக்கரை உரித்து என் சுருதிப் பெட்டியில் ஒட்டினாய். “நீதான்டி என்ற செக்கிங்” என்றாய். அதற்குப் பிறகு பல்லடம் பக்கத்துப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளைப் பாட வைத்தாய்! உன் அப்பா கம்பெனிக்கு வருகிறவர்களிடமெல்லாம், “பாப்பா பாட்டு டீச்சருங்க” என்று தானாகவே சொல்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி இந்த இடம் என்று விரல் வைத்ததையும் நீயே எனக்குச் சொன்னாய். “எடம் தெரிஞ்சிருச்சு புள்ள. ஆனா இதுக்கு ஆல்டர் இல்லையாமா” என்றாய். நீ அழவில்லை. அன்றும் நான்தான் அழுதேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் போன பருவம் குழுவில் பேசினேன். நிபந்தனையில் வைக்கிற ஒவ்வொருவருக்கும் பிழை எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். “பாட்டென்ன பனியனுங்களா, இங்க ஓட்டை அங்க ஓட்டைன்னு காட்டறதுக்கு?” என்று ஒருவர் சிரித்தார். “பனியனுக்கே காட்டறமுங்க, புள்ளைகளுக்குக் காட்ட மாட்டமா?” என்றேன். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். விதியில் ஏறிவிட்டது.

அந்த விதியில் முதலில் வந்தவள் இன்று பாடினாள். பீகாரிலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம், பிறந்தது வளர்ந்தது இங்கே, பேச்சு அப்படியே நம் பேச்சு. சரணத்தில் மேலே போகும் வரியில் வேகம் கூடிவிடுகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். என் கை மேஜைக்கடியில் தாளம் போட்டது. அவள் ஓடவில்லை. முடித்ததும், “அந்த எடம் நின்னுச்சுங்களா மேடம்?” என்றாள். தேறினேனா என்று கேட்கவில்லை, பார்த்தாயா! “நின்னுச்சு கண்ணு” என்றேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு நிட்டிங் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து கட்டையில்தான் முணுமுணுக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் மேலே ஏறி, மிஷினோடு சேர்ந்து, நீ நின்ற இடத்தில் போய் நின்றது. ஏறுகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. இந்த ஒரு இடத்தை மட்டும் நான் சரி செய்வதாக இல்லை.