ஒன்பது மணிக் கோப்பி

3 நவம்பர் 1997, திங்கள்
லோசான். மழை. மோடம் இரண்டு தரம் அறுந்தது. பொதி கட்டும் இயந்திரத்தின் கைநூல், ஆங்கிலம், ஒருவழியாகச் சூரிச் ஓர்லிகோனிலுள்ள கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டிலிருந்து எழுதிய முதல் நூல். இது சரிவந்தால் இங்கேயே இருந்து எழுதலாம். இல்லையென்றால் சூரிச்சுக்கு வீடு மாற வேண்டும். மேலாளர் ஃபிராவ் கெல்லர் முன்பே சொன்னதுதான்.
வாங்க: பால், மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து.

5, புதன்
சரிவரவில்லை. ஃபி.கெ. தொலைபேசியில். பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லி எழுதியிருக்கிறேனாம். அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்களாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? "ஸ்நூனியில் கதைத்தோமே."
ஸ்நூனி, ஒன்பது மணிக் கோப்பி. அங்கே எல்லா முடிவும் அந்த மேசையில்தான், கடதாசியில் ஒன்றும் வராது. கோடையில் அங்கே வேலை பழகப் போன மாதம் நானும் அதில் இருந்தவள்தானே! கோபம். அழுகையும்.
இவருக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் இப்போதுதான் வேலை நிரந்தரம். "நீர் போனா நானும் வாறன். ஆனா இப்பிடி ஒரு வேலை அங்கை கிடைக்குமோ?"
மகள் மது: "அங்கை ஜெர்மனோ? நான் வரேல்லை." மிச்சத்தைப் பிரெஞ்சில் அழுதாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

6, வியாழன்
ஃபி.கெ.யிடம் கேட்டேன்: கோப்பி மேசையில் ஒலிபெருக்கித் தொலைபேசியை வையுங்கள், நானும் இருக்கிறேன். வெறும் அரட்டை என்று சிரித்தார். அந்த அரட்டைதான் வேண்டும் என்றேன். ஒரு கிழமை பார்ப்போமாம்.

10, திங்கள்
இரண்டாவது இயந்திரத்தின் கைநூல் தொடங்கியாயிற்று. ஒன்பது மணிக்குத் தேத்தண்ணியோடு தொலைபேசியடியில். கரண்டிச் சத்தம். யாருடையதோ நாய்க்குச் சுகமில்லை. சுவிஸ் ஜெர்மன், பாதிதான் விளங்கியது. இவர் கதவடியில்: "என்னப்பா, ஊர்வம்பு கேக்கவோ சம்பளம் தாறாங்கள்?" போங்கோ என்று கையைக் காட்டினேன்.

13, வியாழன்
மூடுபனி. இன்றும் நாய், பனிச்சறுக்கு. நாளையோடு தவணை முடிகிறது. பயம்.

14, வெள்ளி
கோப்பி முடிந்து கதிரைகள் இழுபடுகிற சத்தம். மெக்கானிக் ஊவெலி போகிற போக்கில்: இரண்டாவது இயந்திரத்துக்கு இனி மூடி இல்லை. எல்லோரும் எழும்பிவிட்டார்கள். "நில்லுங்கோ, எந்த மூடி?" என்று கத்தினேன். தமிழில்! பிறகு ஜெர்மனில். ஊவெலி திரும்பி வந்து விளக்கமாகச் சொன்னார். ஃபி.கெ. மறுபடி கதிரையில் இருக்கிற சத்தம். பிறகு: "சரி. நீங்கள் லோசானிலேயே இருங்கள்."
கிழமை முழுக்க எழுதிய மூடி அத்தியாயத்தை அழித்தேன். இவ்வளவு சந்தோஷமாக எதையும் அழித்ததில்லை.