அப்பா, ஒன்றை அழுத்துங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா?

ஃபோனில் சொல்லாமல் கூரியரில் எழுதக் காரணம் உண்டு. பட்டறையில் லேத் ஓடும் சத்தத்தில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். உட்கார்ந்து இரண்டு முறை படியுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

அம்மாவின் ஆபரேஷனுக்கு நீங்கள் ஆன்லைனில் கட்டிய முன்பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் வங்கிக்கே மூன்று முறை புகார் செய்திருக்கிறீர்கள். பெற்ற மகள் அங்கேதான், ஃபோனில் புகார் கேட்கும் பிரிவில், வேலை பார்க்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படி என்ன ரோஷம்? நேற்று உங்கள் நான்காவது புகார் என் திரையில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

முதல் மூன்று புகாரும் மூடிக்கிடக்கின்றன. மூடியது யார் தெரியுமா? நீங்கள்தான். பேசி முடித்ததும் சேவை எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அழுத்தச் சொன்னார்கள். மூன்று முறையும் ஐந்து. "அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையா பேசுச்சு, அது பொழப்புல நாம ஏன் மண்ணள்ளிப் போடணும்" என்று அம்மாவிடம் நீங்கள் சொல்வதுகூடப் பதிவில் கேட்கிறது. பெரிய தருமப் பிரபு. ஐந்து வந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று கணினி புகாரை மூடிவிடும். பணம் வந்ததா என்று அது கேட்காது.

ஒன்று அழுத்தினால் கதையே வேறு. புகார் அன்றைக்கே மேலதிகாரியிடம் போகும். மறுநாள் மதியத்துக்குள் அவர் தீர்த்தாக வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதை மேலே அனுப்பும் அதிகாரம் கிடையாது. திங்கட்கிழமை ஆபரேஷன். வெள்ளி மாலைக்குள் பணம் வராவிட்டால் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

அந்த நான்காவது புகாருக்காக வியாழன் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடப் போவது நான். கணினி பங்கிட்டுக் கொடுத்தது. சொந்த அப்பா என்று சொன்னால் வேறு ஆளுக்கு மாற்றுவார்கள், அதற்குள் பத்து நாள் ஓடிவிடும். அதனால் வாயே திறக்கவில்லை.

பின்னால் தெரிந்து நீங்கள் நொந்துபோகக் கூடாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒன்று கொடுத்தால் எங்களுக்கு வேலை போய்விடும். எனக்கு இரண்டு வந்தாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது, அப்பா. ஆனால் வேலை வேறு தேடிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை உங்களை "சார்" என்றுதான் கூப்பிடுவேன். எல்லாம் பதிவாகும். வாய் தவறி "கண்ணு" என்று சொல்லிவிடாதீர்கள், சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். நானும் தன்மையாகத்தான் பேசுவேன், அதில் இளகிவிடாதீர்கள்.

உங்களுக்குக் கை வராவிட்டால், ஃபோனை அம்மாவிடம் கொடுத்து ஒன்றை அழுத்தச் சொல்லுங்கள். பேசியது யார் என்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மகள்