ஆயுத பூசைக்குக் கழுவிய மணல்

புரட்டாசி 24, சனி. புழுக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர்க் கம்பெனியில் பாதி எனக்கு. ஆனால் அந்தத் தண்ணீரை நான் குடிப்பதில்லை. சப்பென்று இருக்கிறது. ராயபுரத்துக் கிணற்று உப்புத்தான் எனக்கு ருசி. என் வீட்டுக்காரி மரகதம் பெருமைக்காகத் தினமும் குடிக்கிறாள்.

மற்ற பாதி செல்லையா அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், அரிசி மண்டி. துறைமுகத்தில் படகுக்கு வேலை குறைந்ததும் என் இரண்டு படகையும் விற்று இதில் போட்டேன். ஏரித் தண்ணீர், திருவொற்றியூரில் ஒரு மணல் தொட்டி. அதில் வடிந்ததைப் பீப்பாய் வண்டியில் தண்டையார்பேட்டை மில் தெருவுக்கு. அவ்வளவுதான் கம்பெனி.

முந்தாநாள் வியாழன் ஆயுத பூசை. வண்டி, மாடு, பம்பு எல்லாம் கழுவியாயிற்று. தொட்டியை மட்டும் விடுவானேன்? மணல் மேல் பச்சையாய், வழவழவென்று பாசி. பார்க்கவே கலீஜ். தண்ணீரை இறக்கிச் சுரண்டி எடுத்தோம். மணலை மூன்று தரம் அலசினோம். ஓரத்தில் சந்தனம், குங்குமம். மறுபடி நிரப்பி, அன்று மாலையே வண்டி விட்டோம்.

இன்று மேஸ்திரி ஆரோக்கியசாமி வந்தார். பட்டணத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் வேலை பார்த்தவர். வேதக்காரர், மாதா கோயில் ஆள், அதனால் பூசைக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா பண்ணி வச்சிகீற?"

"முகம் கழுவி பொட்டு வச்சிகீறேன். பொண்ணு புடிச்சிதா?"

சிரிக்கவில்லை. "அந்தப் பாசிதான்யா கிருமியப் புடிக்கிறது. வெறும் மணலு இன்னா பண்ணும்?"

மறுபடி பாசி கட்டப் பத்துப் பன்னிரண்டு நாளாம். அதுவரை வடிவதெல்லாம் சாக்கடைக்கு.

மூன்று நாளாக மில் தெரு முழுக்க அதைத்தான் குடிக்கிறது. மரகதமும். வாந்திபேதிக் காலம்.

25, ஞாயிறு. வெயில்.

அண்ணாச்சி மண்டிக்குப் போனேன். வண்டியை நிறுத்துவோம் என்றேன்.

"வே, வாய மூடிட்டு இரும். வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம தண்ணியத் தொடமாட்டான்."

சொல்லிவிட்டு ஒரே மூட்டை வரிசையை இரண்டு தரம் எண்ணினார். பார்த்தேன்.

மில் தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன், காய்ச்சிக் குடியுங்கள் என்று. எல்லாரும் சிரிப்பு. கன்னியம்மா சொல்கிறாள், "போன மாசம் இதுல குளிச்சா வெள்ளக்காரியா ஆயிடுவேன்னு சொன்ன. இப்ப காய்ச்சணுமா? போ மாமு." கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு இன்னும் சிரிப்பு. இத்தனை வருஷம் எல்லாரையும் கிண்டல் செய்ததற்கு இது கூலி.

மரகதத்திடம் சொல்லப் பயம். அவள் கொல்லைப் பக்கம் போனால் பின்னாலேயே போகிறேன்.

"இன்னாய்யா, புது மாப்ள மாரி சுத்திகினு கீற?"

26, திங்கள். கன்னியம்மாவின் புருஷனுக்கு இரண்டு தரம் வாந்தி. காலையில் செய்தி.

ஓடினேன். பாயில் கிடந்தான். வாசலிலேயே நின்று அழுதேன். பின்னால் யாரோ நிற்பது போல் இருந்தது. அண்ணாச்சி. மண்டியைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்திரும்," என்றார்.

தெரு முனையில் நின்று அவரே சொன்னார், மணலைக் கழுவியதிலிருந்து எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. அடுப்பெல்லாம் புகைய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து மரகதத்திடமும் சொன்னேன். செம்பைக் கீழே வைத்தாள். அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவள் திட்டியிருக்கலாம்.

27, செவ்வாய். கன்னியம்மாவின் புருஷன் எழுந்து கஞ்சி குடித்தான். வாந்திக்குக் காரணம் கள்ளாம். "இதுக்கா மாமு அழுதுகினு நின்ன?" என்கிறாள். ஆனாலும் மற்ற வீடுகள்? தினம் இரண்டு வேளை போய் எல்லார் முகத்தையும் பார்க்கிறேன். மரகதத்தின் முகத்தை அதற்கு மேல்.

ஐப்பசி 5, புதன். விடியலிலிருந்து தூறல்.

தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மரகதம் திட்ட ஆரம்பித்துவிட்டாள், நிம்மதி.

மேஸ்திரி தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லா கட்டிகினு கீது. நாளைக்கு வண்டி பூட்டலாம்." அண்ணாச்சி மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பச்சை தெரிகிறதா என்று நானும் குனிந்தேன். ஓரக்கல் ஈரம், கால் வழுக்கியது. உள்ளே இடுப்பளவு தண்ணீர். படி எதிர்ப்பக்கம். தொட்டியின் குறுக்கே பாசியை மிதித்து நடந்து வெளியே வந்தேன்.

நாளை வண்டி இல்லை.